விழுந்துவிட்ட மாடும் 'மாற்றி ஏற்றப்பட்டன' என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்நடைகளை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று கவிழ்ந்தது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். ஓட்டுநரின் உடல்நிலை, போக்குவரத்து தடைப்பட்ட நேரம், இறந்த மாடுகளின் எண்ணிக்கை ஆகியவை எல்லாம் அதில் ஒழுங்காக இடம்பெற்றிருந்தன. கடைசி வரியில், 'காயமடைந்த மாடுகள் வேறொரு லாரிக்கு மாற்றி ஏற்றப்பட்டு அனுப்பி வைக்கப்பட்டன' என்றிருந்தது. செய்தியாளரைக் குறை சொல்வதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. நடந்ததைத்தான் அவர் எழுதியிருக்கிறார். அந்த வரி படிப்பவருக்கு ஒரு நிம்மதியைத் தருகிறது, எப்படியோ அவை காப்பாற்றப்பட்டன என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பெரிய கால்நடைகளுக்கு 34 ஆண்டுகள் மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் இயலவில்லை.

தொடை எலும்பு முறிந்த மாடு பலகையில் நடந்து லாரியில் ஏறாது. முன்னங்கால்களிலோ கழுத்திலோ கயிற்றைக் கட்டி மேலே நின்று சிலர் இழுக்க வேண்டும், கீழே நிற்பவர்கள் பின்பக்கத்தைத் தூக்கித் தள்ள வேண்டும், இடையில் யாராவது ஒருவர் பழக்கதோஷத்தால் வாலை முறுக்குவார். 400 கிலோ எடையுள்ள உடல் ஒவ்வொரு அடி நகரும்போதும் முறிந்த எலும்பின் கூர்முனை சுற்றியுள்ள தசைக்குள் இறங்கி ஏறும். பக்கத்தில் கைவைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த உரசல் விரல் நுனியில் தெரியும். இவ்வளவுக்கும் மாடு பெரும்பாலும் கத்தாது. வேட்டையாடப்படும் இனமாகவே காலங்காலமாக வாழ்ந்து வந்த உயிர் அது. பலவீனத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். பல்லை நறநறவென்று கடிக்கும், காதுகள் பின்னுக்குச் சாயும், அசைபோடுவது நின்றுபோகும், கண் உள்ளே வாங்கியிருக்கும். இதைப் படிக்கத் தெரியாதவர், 'மாடு அமைதியாகத்தான் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும்' என்று சொல்லி ஏற்றி அனுப்பிவிடுகிறார்.

தானாக எழுந்து நிற்கவோ, வலியில்லாமல் நடக்கவோ இயலாத விலங்கு பயணத்துக்குத் தகுதியற்றது என்பது இன்று உலகளவில் ஏற்கப்பட்ட விதி. உலக விலங்கு சுகாதார அமைப்பு விலங்கு நலனுக்கான தன் முதல் நெறிமுறைகளை 2005-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டபோதே, தரைவழிப் போக்குவரத்தும் அறுப்பு முறைகளும் அவற்றில் இடம்பெற்றிருந்தன. எனவே கவிழ்ந்த லாரியிலிருந்து கால் முறிந்த மாட்டை எடுத்து இன்னொரு லாரியில் ஏற்றுவதை மீட்புப் பணி என்று சொல்வதற்கில்லை. காயம்பட்ட இடத்திலேயே அதன் துன்பத்தை முடித்து வைப்பதுதான் அந்த மாட்டுக்குச் செய்யக்கூடிய உதவி.

இங்கே 'அவசர அறுப்பு' என்ற சொல்லைப் பற்றி ஒரு தெளிவு தேவைப்படுகிறது, ஏனெனில் இரண்டு வேறுபட்ட காரியங்கள் இந்த ஒரே சொல்லுக்குள் கலந்துகிடக்கின்றன. நல்ல உடல்நிலையில் இருந்த மாடு திடீரென்று விபத்தில் கால் முறிந்து விழுகிறது. காய்ச்சல் இல்லை, மருந்து எதுவும் உடலில் இல்லை. அதை அங்கேயே உணர்விழக்கச் செய்து, இரத்தத்தை வடித்து, உடலை இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பி, பரிசோதனைக்குப் பின் இறைச்சியைப் பயன்படுத்துவது ஒன்று. இறைச்சியைப் பற்றிய பேச்சே இல்லாமல், வேறு எந்த வழியிலும் குறைக்க முடியாத வலியிலிருந்து விடுவிப்பதற்காக மட்டும் உயிரை முடிப்பது மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டையும் தனித்தனிச் சட்டங்களில் வைத்திருக்கிறது. முதலாவது 2004-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளில் வருகிறது: அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும், அறுத்த இடத்திலிருந்து கூடத்துக்குக் கொண்டு சேர்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமானால் பெரும்பாலும் குளிரூட்ட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். இரண்டாவது, 2009-இல் இயற்றப்பட்டு 2013 முதல் நடைமுறைக்கு வந்த, விலங்குகளைக் கொல்லும்போது அவற்றைப் பாதுகாப்பது பற்றிய சட்டத்தில் உள்ளது. அந்த நிலைக்கு வந்த விலங்கைக் கூடிய விரைவில் கொல்வதற்கான ஏற்பாட்டைச் செய்வது அதை வளர்ப்பவரின் கடமை என்றே அச்சட்டம் சொல்கிறது. 'செய்யலாம்' என்று விட்டுவைக்காமல் கடமை என்று எழுதியிருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், முதல் கணக்கு இரண்டாவது கணக்கை விழுங்கிவிடுகிறது. மாடு விழுந்தவுடன் எழும் முதல் கேள்வி 'இதற்கு எவ்வளவு வலிக்கிறது' என்பதாக இருப்பதில்லை, 'இதிலிருந்து எவ்வளவு மீட்கலாம்' என்பதாகவே இருக்கிறது. வளர்ப்பவரை இதற்காக ஏசுவதற்கு எனக்கு மனம் வராது. ஒரு மாட்டின் இழப்பு அவருக்குச் சிறிய இழப்பு அன்று. ஆனால் அந்தக் கேள்வி முதலில் வரும்போது அதன் முழு விலையையும் மாடுதான் கொடுக்கிறது. இதை நான் பிறரிடம் கண்டது மட்டுமில்லை, என் கையாலேயே செய்தும் இருக்கிறேன்.

பணியில் சேர்ந்து மூன்றாவது ஆண்டு என்று நினைவு. மூன்றாம் ஈற்றுக் கறவை மாடு ஒன்று, கழுவிவிட்ட சிமெண்ட் தரையில் வழுக்கி, பின்னங்கால்கள் இரண்டும் தவளையைப் போலப் பக்கவாட்டில் விரிய விழுந்திருந்தது. நான் போய்ச் சேரும்போது நண்பகல் ஆகிவிட்டது. சப்பை எலும்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, உதவியாளரைக் காலை மெல்லச் சுழற்றச் சொன்னேன். மூட்டு கிண்ணத்தைவிட்டு விலகியிருந்தது, உள்தொடைத் தசைகள் கிழிந்து ஒரு பக்கம் முழுவதும் கன்றி வீங்கியிருந்தது. இது எழாது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது, வீட்டுக்கார அம்மா, 'டாக்டர், ஒரு ஊசி போட்டுப் பாருங்களேன்' என்றார். போட்டேன். வலிநிவாரணி ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லி ஒன்று. மாட்டுக்கு வலி சற்றுக் குறைந்திருக்கலாம், ஆனால் உண்மையில் அந்த ஊசிகளை நான் அந்த அம்மாவின் முகத்துக்காகவும் என் சங்கடத்துக்காகவும்தான் போட்டேன்.

மாலையில் வந்த வியாபாரி மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'ஊசி போட்டாச்சா?' என்று கேட்டார். போட்டாயிற்று. மருந்து உடலைவிட்டு நீங்கும் காலம் முடியும்வரை இறைச்சி உதவாது, எனவே அதுவரை வைத்திருந்து பிறகு கொடுத்துவிடலாம் என்று அந்த வீட்டில் முடிவு செய்தார்கள். நானும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் வாளி எட்டாத தூரத்தில் இருந்தது, கீழ்ப்பக்கத் தோல் கழன்று படுக்கைப் புண்ணில் ஈ மொய்த்தது, முதல் நாள் என்னைப் பார்த்துத் தலை தூக்கிய மாடு அன்று தூக்கவில்லை. நான்காம் நாள் இரவு அது இறந்தது. ஊசி போட்டதால் இறைச்சியும் போயிற்று, ஊசி போட்டதாலேயே மாட்டின் துன்பமும் நான்கு நாளுக்கு நீண்டது. நண்பகலில் தெரிந்ததை நண்பகலிலேயே சொல்லியிருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவற்றையும் இதே அழுத்தத்தோடு சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்த மாடெல்லாம் சாக வேண்டிய மாடு என்று நான் சொல்வதாக ஆகிவிடும். கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் ஒரு கறவை மாடு எழ முடியாமல் படுத்து, தலையை விலாப்பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு, காதும் கொம்பின் அடியும் குளிர்ந்து கிடந்தால், அது பெரும்பாலும் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல் இருக்கிறது, உடல் குளிர்ந்துதான் இருக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கிவிடுவதே அதன் காரணம். கால்சியத்தை இரத்தக் குழாய் வழியாக மெதுவாக ஏற்றினால், சற்று நேரத்துக்கு முன் செத்துக்கொண்டிருந்ததாகத் தோன்றிய மாடு ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, எழுந்து கன்றைத் தேடும். என் தொழிலில் இதைவிட மகிழ்ச்சியான காட்சி அதிகம் இல்லை. மெதுவாக என்பதை அடிக்கோடிட்டே சொல்கிறேன், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதுபோலவே வயிறு உப்பி மூச்சுத் திணறும் மாட்டுக்குக் காற்றை வெளியேற்ற வழி செய்தால் போதும்; எடை குறைந்த இளங்கன்றுக்கு முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு கட்டுப் போட்டால் பெரும்பாலும் கூடிவிடும். வளர்ந்த மாட்டின் தொடை எலும்பும் முன்னங்காலின் மேல் எலும்பும்தான் அநேகமாகக் கூடுவதில்லை.

குணமாகக்கூடிய மாட்டையும் தாமதம் கெடுத்துவிடும் என்பது இதில் உள்ள இன்னொரு சிக்கல். கடினமான தரையில் ஒரே பக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் கனத்த மாட்டின் கீழ்ப்பக்கத் தொடைத் தசை தன் உடல் எடையாலேயே நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, அழியத் தொடங்குகிறது. காலின் அசைவை இயக்கும் நரம்பும் அதில் மாட்டிக்கொள்கிறது. காலையில் கால்சியம் கொடுத்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய மாடு, இரவு கொடுக்கும்போது இரத்தத்தில் கால்சியம் சரியாகியும் எழுவதில்லை, ஏனெனில் எழுவதற்குக் கால் இல்லை. ஆகவே மாடு விழுந்த நேரத்தை யாராவது ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லக்கூடிய வளர்ப்பவரை நான் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சந்தித்தேன். மற்றவர்கள் எல்லோரும் 'கொஞ்ச நேரம் முன்னால்தான்' என்பார்கள். தடிமனாக வைக்கோலோ மணலோ பரப்பி, சில மணிக்கொரு முறை பக்கம் மாற்றிப் போட்டு, வாய்க்கு எட்டும் இடத்தில் தண்ணீரும் தீவனமும் வைத்திருந்தால் காத்திருக்கலாம். தின்கிறது, நெஞ்சை ஊன்றி நிமிர்ந்து கிடக்கிறது, எழ முயல்கிறது என்றால் நம்பிக்கை உண்டு. பக்கவாட்டில் சரிந்துபோய், தின்பதை நிறுத்தி, முயற்சியையும் விட்டுவிட்ட மாட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பதற்குப் பெயர் சிகிச்சை ஆகாது.

முடித்துவிடுவது என்று தீர்மானித்த பிறகு, எப்படி என்பது எஞ்சுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் உணர்விழக்க வேண்டும், உணர்வு திரும்புவதற்குள் இறந்துவிட வேண்டும்: எந்த முறையையும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உணர்வோடு இருக்கும் மாட்டின் கழுத்தை அறுத்தால் உடனே நினைவு தப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆட்டுக்கு அது ஓரளவு விரைவாகவே நிகழ்கிறது. மாட்டுக்கோ, கழுத்தின் முன்பக்கத் தமனிகள் அறுபட்ட பிறகும் முதுகெலும்புக்குள் பொதிந்து செல்லும் தமனிகள் மூளைக்கு இரத்தத்தைக் கொண்டுபோய்க்கொண்டே இருப்பதால், உணர்வு அடங்குவதற்குச் சில வேளைகளில் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகிறது. அறுபட்ட தமனியின் முனை சுருங்கி அடைத்துக்கொண்டால் இன்னும் நீளும்.

இதற்காகவே கேப்டிவ் போல்ட் எனப்படும் துப்பாக்கி இருக்கிறது. அதிலிருந்து குண்டு எதுவும் வெளியே பறப்பதில்லை. தோட்டா வெடிக்கும் விசையில் ஓர் எஃகுத் தண்டு முன்னால் பாய்ந்து மண்டையோட்டைத் துளைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போய்விடும். ஒரு கண்ணிலிருந்து எதிர்ப்பக்கக் கொம்பின் அடிக்கு ஒரு கோடும், மற்றக் கண்ணிலிருந்து அதன் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடும் இழுப்பதாகக் கற்பனை செய்தால், அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் மாட்டுக்கு உரிய இடம். இரு கண்களுக்கும் நடுவே வைப்பது பலரும் செய்யும் பிழை, அது மூளைக்குக் கீழே போய்விடுகிறது. எருமைக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. அதன் நெற்றி எலும்பும் தோலும் தடிமன், எலும்புக்கு உள்ளே பெரிய காற்றறையும் உண்டு. சாதாரணக் கருவியால் முன்நெற்றியில் சுட்டால் எருமை தள்ளாடிவிட்டு நின்றுகொண்டே இருப்பதைப் பார்க்க நேரிடும். கொம்புகளுக்குப் பின்னால், பிடரிப் பக்கத்திலிருந்து, விசை மிகுந்த கருவியால் செய்வதே அதற்கு ஏற்றது. கொம்புள்ள ஆட்டுக்கும் பிடரிப் பக்கம்தான், தாடையை நோக்கிய சாய்வில்.

கருவி சரியாக வேலை செய்ததா என்பதை மாடே சொல்லிவிடும். நின்றிருந்தால் அந்தக் கணமே நான்கு காலும் மடங்கி விழும், சீரான மூச்சு நின்றுவிடும், கண் ஒரே இடத்தில் வெறித்திருக்கும், கருவிழியை விரலால் தொட்டால் இமை அசையாது. அதன் பிறகு கால்கள் பலமாக உதைக்கும். சுற்றி நிற்பவர்கள் இதைக் கண்டு, 'ஐயோ, உயிர் இருக்கிறது' என்று பதறுவார்கள், ஆனால் அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், உணர்வின் அடையாளம் கிடையாது. அஞ்ச வேண்டியது இதற்கு எதிரானதைக் கண்டுதான்: உதைக்காமல் கிடக்கிறது, ஆனால் விலா சீராக ஏறி இறங்குகிறது, கண் சிமிட்டுகிறது என்றால் ஒரு நொடியும் தாமதிக்காமல் இரண்டாவது முறை சுட வேண்டும். எனவே இரண்டாவது தோட்டா சட்டைப் பையில் இருந்தாக வேண்டும், இயன்றால் இரண்டாவது கருவியும். ஈரம் கண்ட தோட்டாவும் கரி படிந்த தண்டும்தான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், அந்த ஐந்து நிமிடம்தான் யாருக்கும் கிடைப்பதில்லை. சுட்டதோடு வேலை முடிவதும் இல்லை, அது உணர்வை அகற்றுகிறது, இறப்பை உறுதி செய்ய ஒரு நிமிடத்துக்குள் இரத்தத்தை வடித்துவிட வேண்டும். இதயம் அதன் பிறகும் சில நிமிடங்கள் துடிக்கக்கூடும். துடிப்பும் மூச்சும் முற்றிலும் நின்று, கருவிழியைத் தொட்டும் அசைவில்லை என்று பார்த்த பிறகே ஒருவர் அந்த இடத்தைவிட்டு நகரலாம்.

கால்நடை மருத்துவர் கையில் பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்து இருக்குமானால் அது அமைதியான வழி. ஆனால் அந்த உடலை மனிதரும் உண்ணக் கூடாது, நாயும் கழுகும் உண்ணவும் விடக் கூடாது. தின்ற பறவைகளும் நாய்களும் செத்திருக்கின்றன. ஆழப் புதைக்கவோ எரிக்கவோ இயலாத இடத்தில் அந்த மருந்தை நான் பயன்படுத்த மாட்டேன். சைலசின் போன்ற அமைதியூட்டும் ஊசி தனியாக மயக்க மருந்து ஆகாது. உயிரை முடிக்கச் செலுத்தப்படும் பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியம் சல்பேட்டும் முழு மயக்கத்தில் இருக்கும் விலங்குக்கு மட்டுமே உரியவை. விழித்திருக்கும் மாட்டுக்கு அவற்றைச் செலுத்துவதும், இரத்தக் குழாயில் காற்றை ஏற்றுவதும், வீட்டு மின்கம்பியை வைத்துக் கொல்லப் பார்ப்பதும் கொடுமை. இவையெல்லாம் எங்கும் நடக்காதவை என்று எண்ண வேண்டாம். முறையான கருவியோ பயின்ற ஆளோ கிடைக்காத நேரத்தில், நல்ல மனம் படைத்தவர்களே இவற்றைச் செய்திருக்கிறார்கள்.

கோழிகளைப் பற்றி ஒரு சொல் மட்டும். கையால் கழுத்தை முறிப்பது சிறிய பறவைக்கு, பழகிய கைக்கு ஏற்ற முறைதான். ஆனால் கை களைத்துவிட்டால் முறை கெட்டுவிடும் என்பதால், 3 கிலோவுக்கு மேற்பட்ட பறவைக்கு அதைச் செய்யக் கூடாது, ஒருவர் ஒரு நாளில் 70 பறவைகளுக்கு மேல் செய்யக் கூடாது என்று மேலே சொன்ன 2009-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. களைப்பைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்ட அரிய இடங்களில் இது ஒன்று.

எழ முடியாத மாட்டை இறைச்சிக்காக எடுத்துச் செல்ல அனுமதிக்கும்வரை அதை இழுத்துச் செல்லவும் மனிதர்கள் இருப்பார்கள் என்பதற்கு அமெரிக்க அனுபவத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்கு, மூளையைத் தாக்கும் பைத்திய மாட்டு நோய் (மேட் கவ் நோய்) உறுதியானதைத் தொடர்ந்து, எழ முடியாத மாடுகளை மனித உணவுக்காக அறுப்பதற்கு 2004 ஜனவரியில் அங்கே தடை விதிக்கப்பட்டது. பின்னர் அதில் ஒரு சிறிய வாசல் திறந்துவைக்கப்பட்டது: பரிசோதனையில் தேறிய பிறகு விழுந்த மாட்டை மருத்துவர் மறுபடி பார்த்து அனுமதிக்கலாம் என்பது அது. 2008-இல் கலிஃபோர்னியாவின் ஓர் இறைச்சிக்கூடத்தில் இரகசியமாக எடுக்கப்பட்ட காட்சிகள் வெளிவந்தன. விழுந்த மாடுகளை எழுப்புவதற்காகத் தூக்கு வண்டியின் இரும்புக் கைகளால் குத்துவதும், மின்கோலால் தீண்டுவதும், குழாய் நீரை முகத்தில் பாய்ச்சுவதும் அதில் பதிவாகியிருந்தன. சுமார் 6.5 கோடி கிலோ மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. 2009 மார்ச்சில் அந்த வாசலும் மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்கள் பிறவிக் கொடியவர்களாக இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எழுந்து நின்றால் மட்டுமே மாட்டுக்கு விலை உண்டு என்ற நிலையில், எப்படியாவது எழுப்பு என்ற கட்டளை யாருடைய வாயிலிருந்தும் வராமலேயே அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

இதனால் விபத்துக்குள்ளான, மற்றபடி நலமான மாட்டின் இறைச்சியைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் வாதிடவில்லை. வரிசை மாறக் கூடாது என்பதே என் வேண்டுகோள். வலி எவ்வளவு, அது தீருமா என்பது முதலில் முடிவாகட்டும். மாடு விழுந்த இடத்திலேயே அதன் உணர்வு அகற்றப்படட்டும். அதன் பிறகு உடல் உணவுக்கு உதவுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். உயிரோடு ஓர் அடிகூட இழுக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் நகர்த்த வேண்டுமானால், உதாரணமாகப் பாதையின் நடுவே கிடந்தால், பலகையிலோ தடித்த விரிப்பிலோ உருட்டிப் படுக்க வைத்து நகர்த்த வேண்டுமேயன்றிக் காலில் சங்கிலி கட்டக் கூடாது.

இவ்வளவையும் விபத்து நடந்த பிறகு யோசிக்க முடியாது. இருட்டில், மழையில், ஆட்கள் கூடி ஆளுக்கொன்று சொல்லும் இடத்தில் நல்ல முடிவு பிறந்து நான் பார்த்ததில்லை. ஐந்து மாடு வைத்திருப்பவரானாலும் ஐந்நூறு வைத்திருப்பவரானாலும், கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கலாம்: யாரை அழைப்பது, அவர் வராவிட்டால் அடுத்து யார், கருவி எங்கே இருக்கிறது, அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர் யார், எத்தனை மணி நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும், உடலை எங்கே கொண்டுபோவது. கால்நடை ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும் இதே போன்ற தாள் இருக்க வேண்டும். மாட்டின் பெயரும் அது விழுந்த நேரமும் எழுத அதில் சிறிது இடம் விட்டால் இன்னும் நல்லது.

அந்த வேலையைச் செய்பவரைப் பற்றியும் நாம் பேசுவதே இல்லை. அன்றாடம் தீவனம் போட்ட கைதான் பல நேரங்களில் இதையும் செய்ய வேண்டியிருக்கிறது. கை நடுங்கினால் இடம் தவறும், இடம் தவறினால் மாடு துடிக்கும், அந்தத் துடிப்பு அவர் மனத்தைவிட்டுப் போகாது, அடுத்த முறை அவர் இன்னும் தாமதிப்பார். வளர்த்தவரையே கொல்லச் சொல்வதைவிட, பழக்கமுள்ள வேறொருவர் வந்து செய்து, வளர்த்தவர் விரும்பினால் மாட்டின் தலைமாட்டில் நின்று அதன் பெயரைச் சொல்லித் தடவிக்கொடுக்க விடுவது இருவருக்கும் நல்லது என்பது என் அனுபவம். பழகிய குரலைக் கேட்ட மாடு தலையை ஆட்டாமல் நிற்கும், அதனால் குறியும் தப்பாது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, கிணற்றில் விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒரு காளைக்கு நான் இதைச் செய்தபோது, அதை வளர்த்த முதியவர் அதன் காதோரம் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அது விழுந்ததிலிருந்து அப்போது 50 நிமிடம் ஆகியிருந்தது. நேரத்தைக் குறித்து வைத்திருந்தவரும் அவர்தான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய விபத்துச் செய்திகளில், இறந்தவை எத்தனை, காயமடைந்தவை எத்தனை என்பதோடு, காயமடைந்தவை எத்தனை மணி நேரம் அங்கே கிடந்தன, எந்த நேரத்தில் மருத்துவர் வந்தார், நிற்க முடியாதவற்றை யார் என்ன செய்தார்கள் என்பதையும் கேட்டு வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்